வயது தடையில்லை, ஆனால் எந்தப் பக்கம்? பாறசாலை எல்லையில் இருந்து மீண்டும் நீட் எழுத நினைப்பவர்களுக்கு

ப்ளஸ் டூ முடித்துப் பத்து, பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. நர்ஸாகவோ, லேப் டெக்னீஷியனாகவோ, ஐ.டி. கம்பெனியிலோ வேலை பார்க்கிறீர்கள். வீடு பாறசாலை அல்லது நெய்யாற்றின்கரை பக்கம். "இன்னொரு தடவை நீட் எழுதிப் பார்த்தா என்ன?" என்ற கேள்வி மனதில் இருந்து போகவே மாட்டேன் என்கிறது. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பொதுப் பிரிவுக்கு 25, இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று ஒரு உச்சவரம்பு இருந்தது. 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அது செல்லும் என்றது. அதே ஆண்டு நவம்பரில் உச்ச நீதிமன்றம், வரம்பைத் தாண்டியவர்களும் தற்காலிகமாகத் தேர்வு எழுதலாம் என்றது. 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கணக்கு இல்லை. ப்ளஸ் டூவில் உயிரியல் எடுக்காதவர்களுக்கும் வழி இருக்கிறது. அதைப் பிறகு கூடுதல் பாடமாகப் படித்துத் தேறினாலும் தகுதி உண்டு என்று 2023 நவம்பரில் ஆணையம் அறிவித்தது.

கதவு திறந்திருக்கிறது. சரி, உள்ளே போனவர்கள் எப்படிப் போனார்கள்?

வாட்ஸ்அப்பில் அடிக்கடி சுற்றும் மூன்று செய்திகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2020-ல் ஒடிசாவில் 64 வயதான ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். 2022 ஜனவரியில் தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் சென்னையில் கலந்தாய்வுக்கு வந்தார். 2025-ல் தென்காசியைச் சேர்ந்த 49 வயது பிசியோதெரபிஸ்ட் ஒருவர், மகள் நீட் எழுதிய அதே ஆண்டில் தானும் எழுதி, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். மூவரின் உழைப்பையும் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தலைப்பில் வராத ஒரு வரி மூன்றிலும் இருக்கிறது. முதலாமவரும் மூன்றாமவரும் மாற்றுத்திறனாளிகள் ஒதுக்கீட்டில் வந்தவர்கள். தருமபுரி ஆசிரியர், தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5% உள் ஒதுக்கீட்டில் வந்தார். மருத்துவரான தன் மகன் சொன்னதைக் கேட்டு, இளைய மாணவர் ஒருவருக்குப் போகட்டும் என்று இடத்தை விட்டும் கொடுத்தார்.

அந்த ஒதுக்கீடுகளில் நீங்கள் வரவில்லை என்றால் உங்கள் கணக்கு வேறு. 2025-ல் 22.09 லட்சம் பேர் நீட் எழுதினார்கள், 12.36 லட்சம் பேர் தகுதி பெற்றார்கள். நாடு முழுக்க எம்.பி.பி.எஸ். இடங்கள் சுமார் 1.2 லட்சம், அதில் ஏறக்குறைய பாதிதான் அரசுக் கல்லூரிகளில். தகுதி பெற்றவர்களிலேயே பத்துப் பேருக்கு ஓர் இடம். பொதுப் பிரிவுக்கான தகுதி மதிப்பெண் 720-க்கு 144. "நான் குவாலிஃபை ஆயிட்டேன்" என்பதற்கும் "சீட் கிடைச்சிருச்சு" என்பதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது. கோச்சிங் விளம்பரங்கள் பிழைப்பு நடத்துவது இந்தத் தூரத்தில்தான்.

எந்த மாநிலத்துக்காரர் நீங்கள்?

எல்லையில் இருப்பவர்களுக்குப் புத்தகத்துக்கு முன்னால் வரும் கேள்வி இது. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. குடும்பங்கள் அப்படிப் பிரியவில்லை. அம்மா வீடு களியக்காவிளை, அப்பா வீடு பாறசாலை, பள்ளிக்கூடம் குழித்துறை, ரேஷன் கார்டு கேரளம் என்பதெல்லாம் இங்கே சகஜம். மருத்துவக் கல்லூரிகளும் இரு பக்கமும் பக்கத்திலேயே இருக்கின்றன. கேரளத்தில் காரக்கோணமும் திருவனந்தபுரமும், தமிழ்நாட்டில் ஆசாரிப்பள்ளமும் குலசேகரமும்.

அரசுக் கல்லூரிகளில் 15% இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகின்றன. அதற்கு நீங்கள் எந்த ஊர் என்பது பொருட்டில்லை. மீதி 85% மாநிலத்துக்கு. அங்கேதான் நேட்டிவிட்டி கேட்பார்கள். 6 முதல் 12 வரை தமிழ்நாட்டில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் வழி எளிது. வெளியே படித்த தமிழ்நாட்டுக்காரர்கள் பெற்றோரின் ஆவணங்களோடு இருப்பிடச் சான்று கொடுக்க வேண்டும். கேரளத்தில் 'கேரளீயர்' என்பதற்கான சான்று வேண்டும், இடஒதுக்கீட்டுச் சலுகையும் அந்தப் பிரிவினருக்குத்தான்.

இரண்டு பக்கமும் ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். வேறொரு மாநிலத்தில் நேட்டிவிட்டி கோரியவர்களைத் தமிழ்நாடு ஏற்பதில்லை, கையெழுத்தோடு உறுதிமொழியே வாங்குகிறார்கள். சாதிச் சான்றிதழும் அப்படித்தான். ஒரே சமூகம், ஒரே தெருவில் வீடு என்றாலும், ஒரு மாநிலச் சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத்தில் ஒதுக்கீடு கேட்க முடியாது. 7.5% ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மட்டும். கேரள அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் கணக்கில் வராது. தமிழ்நாட்டிலேயே அரசு உதவிபெறும் பள்ளி என்றாலும் வராது.

தேதிகளும் ஒத்துப்போகாது. கேரளத்தின் கீம் விண்ணப்பம் நீட் தேர்வுக்கு முன்பே, 2025-ல் பிப்ரவரி–மார்ச்சிலேயே, முடிந்துவிட்டது. நீட் மட்டும் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்தவருக்குக் கேரள மாநில ஒதுக்கீட்டில் இடமில்லை. தமிழ்நாடு ஜூனில்தான் விண்ணப்பம் வாங்கியது. வேலையில் இருப்பவர்களுக்கு இதையெல்லாம் நினைவூட்ட ஒரு பள்ளிக்கூட டீச்சர்கூட இருக்க மாட்டார்.

வினாத்தாள் எந்த மொழியில்?

நீட் 13 மொழிகளில் நடக்கிறது, ஆனால் எல்லா மொழியும் எல்லா இடத்திலும் இல்லை. திருவனந்தபுரம் மையத்தில் மலையாளம் உண்டு, தமிழ் கிடையாது. தமிழில் வேண்டுமென்றால் நாகர்கோவில் மாதிரி தமிழ்நாட்டு மையம்தான். சமீப ஆண்டுகளில் நகரத் தேர்வை விண்ணப்பத்தில் தரும் முகவரியோடு என்.டி.ஏ. இணைத்திருப்பதால், கேரள முகவரி மட்டும் உள்ளவர்கள் தகவல் குறிப்பேட்டைப் படிக்காமல் படிவத்தை நிரப்பக் கூடாது. மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதி. 2018-ல் தமிழ் வினாத்தாளின் 49 கேள்விகளில் பிழை என்று 196 மதிப்பெண் வழங்கச் சொன்னது மதுரைக் கிளை. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. பத்து வருஷமாக வேலையில் ஆங்கிலக் கலைச்சொற்களோடு புழங்கியவர் என்றால், ஆங்கிலத்திலேயே எழுதுவது நல்லது என்பது என் கருத்து.

இனி படிப்பு. கேரள ப்ளஸ் டூவில் அறிவியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள்தான், அதனால் அங்கே படித்தவர்களுக்கு நீட் பாடம் பழகிய வீடு. தமிழ்நாட்டில் புதிய மேல்நிலைப் புத்தகங்கள் 2018-ல்தான் வரத் தொடங்கின. அதற்கு முன் படித்தவர்கள் பழைய நோட்டைத் தேட வேண்டாம், என்.சி.இ.ஆர்.டி.யைப் புதிதாக ஆரம்பிப்பதே மேல். 2024-ல் பாடத்திட்டத்தைக் குறைத்தார்கள், ஆகவே செகண்ட் ஹேண்ட் கைடு வாங்கும்போது எந்த ஆண்டு என்று பாருங்கள்.

180 கேள்விகளில் 90 உயிரியல், அதாவது 360 மதிப்பெண். நைட் டியூட்டி முடித்து வந்தும் அரை மணி நேரமாகப் பிரித்துப் படிக்க முடிந்த பாடம் அது. இயற்பியல் அப்படி இல்லை. கணக்கு போட்டுப் பழகிய கை பத்து வருஷத்தில் மறந்துபோயிருக்கும், அதற்கு உடையாத இரண்டு மணி நேரம் வேண்டும். வாரத்தில் அப்படி நான்கு இரண்டு மணி நேரங்கள் கிடைக்குமா என்று உங்கள் ஷிஃப்ட் அட்டவணையைப் பார்த்துச் சொல்லுங்கள். கிடைக்காது என்றால், லீவோ வேலை மாற்றமோ பற்றி வீட்டில் பேசிவிட்டுக் கோச்சிங் ஃபீஸ் கட்டுங்கள். பேசும்போது நான்கரை ஆண்டுப் படிப்பு, ஓராண்டு பயிற்சி, அதுவரை சம்பளம் இல்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கும்.

2024 வரை 180 கேள்விகளுக்கு 200 நிமிடம், கொஞ்சம் சாய்ஸும் இருந்தது. 2025-ல் சாய்ஸ் போய்விட்டது, நேரம் 180 நிமிடம். சரி என்றால் 4, தவறென்றால் மைனஸ் 1. பள்ளியிலிருந்து நேராக வருபவருக்கு இந்த வேகம் பழக்கம். உங்களுக்குப் பழக வேண்டும். மாதிரித் தேர்வை நள்ளிரவில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிறு மதியம் 2 முதல் 5 வரை, சாப்பாடு முடிந்து தூக்கம் வரும் அந்த நேரத்தில், பேனாவால் ஓ.எம்.ஆர். நிரப்பி எழுதிப் பாருங்கள். தேர்வும் அதே நேரத்தில்தான்.