அலுமாரிக்குள் பூட்டிய ஆர்டுயினோ

1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பற்றரிகூடக் கிடைக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டோம். எந்த வயரை எங்கே கொடுப்பது என்று யாரும் வகுப்பில் படிக்கவில்லை.

உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. ஆனால், அண்மையில் நான் சென்ற வடக்குப் பாடசாலையொன்றில், நன்கொடையாக வந்த ஆர்டுயினோ பலகைகள் கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தன. பழுதானால் பொறுப்பாசிரியர்தான் கணக்குச் சொல்லவேண்டும்.

தொடக்கநிலை மாணவருக்குப் பழுதாக்குவதும் பாடம்தான். 5 வோல்ற்றை நேரடியாகக் கொடுத்தால் எல்.ஈ.டி கருகும், இடையில் 220 ஓம் தடையொன்றைப் போட்டால் ஒளிரும். கருகியதன் விலை ஒரு பணிஸுக்கும் காணாது.

2005 இல் இத்தாலியின் இவ்ரியாவில் உருவான ஆர்டுயினோ, மின்னணுவியல் தெரியாத வடிவமைப்பு மாணவரை மனதில் வைத்தே செய்யப்பட்டது. 2016 இல் பிரித்தானியா சுமார் 10 இலட்சம் மைக்றோபிற் பலகைகளை மாணவர்களுக்கே சொந்தமாகக் கொடுத்தது. அவற்றை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம்.

எங்கள் மிளகாய்த் தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை உணர இரண்டு ஆணிகளும் ஒரு பலகையும் போதும். ஓயாமல் மின்சாரம் பாய்ந்தால் ஆணி விரைவில் அரித்துப்போகும். அளக்கும் கணத்தில் மட்டும் பாயும்படி நிரலை மாற்றவேண்டும். அரித்த ஆணியைக் கையில் எடுத்த பிள்ளைக்கு இது உடனே விளங்கும்.

வலயக் கல்விப் பணிமனைகள் எல்.ஈ.டி, தடை, வயர் போன்றவற்றைச் சோக்குக்கட்டி போலத் தீர்ந்துபோகும் பொருளாகப் பதியட்டும். அலுமாரித் திறப்பு யாரிடம் இருப்பது என்பதைப் பிறகு பேசலாம்.