வாசிக்கும் ஆளைக் கொடுங்கள்

உறவுமுறைக் கடிதம் என்றால் நம் பள்ளிகளில் பெரும்பாலும் மனப்பாடம்தான். இடம், நாள், விளி, 'நலம், நலமறிய ஆவல்', இப்படிக்கு, உறைமேல் முகவரி எல்லாம் வரிசையாக வந்தால் மதிப்பெண் விழுந்துவிடும். விளியை மறைத்துவிட்டுப் படித்தால் அது மாமாவுக்கா, தோழிக்கா என்று தெரியாது. மொழி கற்பவருக்குக் கடிதம் சொல்லித்தர வேண்டுமானால், அதை வாசிக்கப்போகும் ஆளை முதலில் கொடுக்க வேண்டும். எதைச் சொல்வது, எதை விடுவது, எவ்வளவு பணிவது என்பதையெல்லாம் முடிவு செய்வது அந்த ஆள்தான். இதற்குச் செய்யூர் வட்டாரத்திலேயே பழைய சான்று இருக்கிறது. இங்குள்ள இடைக்கழிநாட்டைச் சேர்ந்த நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையின் 269 அடிகளும், பரிசு பெற்ற பாணன் ஒருவன் வறுமையில் வாடும் இன்னொரு பாணனுக்கு நல்லியக்கோடன் என்ற மன்னனிடம் போக வழி சொல்பவை. எயிற்பட்டினத்தில் சுட்ட மீன் கிடைக்கும், ஆமூரில் நண்டோடு சோறு கிடைக்கும் என்று அவன் சொல்லிக்கொண்டே போகிறான். கேட்பவன் பசியோடு நடக்கப்போகிறவன் என்பதால்தான் அந்த விவரங்களுக்கு அங்கே இடம். மு.வரதராசனாரும் தம் கடித நூல்களுக்கு 'அன்னைக்கு', 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று பெறுபவரை வைத்தே பெயரிட்டார்.

கைப்பேசி வந்தபின் கடிதம் எதற்கு என்று கேட்பார்கள். டென்மார்க் அஞ்சல் நிறுவனம் 2025 முடிவோடு கடித விநியோகத்தையே நிறுத்திவிட்டது என்பதும் உண்மைதான். ஆனால் வாட்ஸ்அப்பில் நாலு வரி எழுதினாலும் எதிரில் இருப்பவரை நினைத்துத்தான் எழுதுகிறோம். தாள் போனாலும் அந்தத் திறமை வேண்டியிருக்கிறது. பேச்சுத் தமிழை அனுமதித்தால் நடை கெடும் என்ற அச்சம் இதைவிடக் கனமானது. 'எப்போ வர்றீங்க அத்தை' என்று கேட்கும் பிள்ளையை 'தாங்கள் எப்பொழுது வருகை தருவீர்கள்' என்று எழுத வைத்தால், அது எந்த அத்தையிடமும் யாரும் பேசாத தமிழ். இரண்டுக்கும் நடுவே 'அத்தை, எப்போது வருவீர்கள்?' என்ற எளிய எழுத்துத் தமிழ் இருக்கிறது. ஆள் மாற மாற அந்த அளவைக் கூட்டவும் குறைக்கவும் பழக்குவதுதான் மொழிப் பாடம்.

எல்லாருக்கும் ஒரே அளவுகோலில் எப்படி மதிப்பெண் போடுவது என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயம். வினாவிலேயே ஆளைக் காட்டிவிடலாம்: 'உப்பளத்தில் வேலை செய்யும், எழுத்துக்கூட்டி மட்டுமே படிக்கத் தெரிந்த பாட்டிக்கு, நீ விடுதியில் சேர்ந்ததைப் பற்றி எழுதுக.' அந்தப் பாட்டிக்குப் புரியுமா, அவர் கேட்க நினைப்பதற்குப் பதில் இருக்கிறதா என்று பார்த்துப் பாதி மதிப்பெண் தரலாம். விளி, முகவரி போன்ற கடித உறுப்புகளைக் கற்பிக்க ஒரு பாடவேளை போதும். வினாத்தாள் மாறும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; செய்யூர்ப் பள்ளிகளின் தமிழாசிரியர்களே, இந்தப் பருவத்திலேயே ஒவ்வொரு மாணவரையும் உண்மையான ஓர் உறவினருக்கு ஒரு கடிதம் எழுதி அஞ்சலில் சேர்க்கச் செய்யுங்கள்.