குளம் வேறு, வயல் வேறு

மாடு இறங்கிச் சாணம் போட்டால் குளத்துக்கு நல்லது, வாத்து நீந்தினால் தண்ணீர் வளமாகும், பறவை எச்சம் விழுந்த ஏரியின் பாசனத்தில் பொன் விளையும். இந்த நம்பிக்கையை மறுத்துப் பேசுபவர்கள் நம்மிடையே குறைவு. ஆவடியை ஒட்டிய முத்தாபுதுப்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் வீட்டுமனையாகாமல் மிஞ்சிய நிலங்களில் மேயும் மாடுகள், வெயில் ஏறியதும் பக்கத்துக் குட்டையில் இறங்கிப் படுத்துக்கொள்ளும். அதைப் பார்க்கும் நாம், குட்டைக்கு உரம் சேருகிறது என்று மனநிறைவு கொள்கிறோம். வயலில் நன்மை செய்வது நீரிலும் நன்மையே செய்யும் என்பதுதான் இந்த எண்ணத்தின் அடிப்படை. அந்த அடிப்படை தவறு. எரு போய்ச் சேர வேண்டிய இடம் நிலம். வெளியேற வழியில்லாத சிறு நீர்நிலையில் அது கணக்கில்லாமல் சேரும்போது, முதலில் தண்ணீரையும் பிறகு மீனையும் கடைசியில் அந்தத் தண்ணீரைக் குடிக்கும் மாட்டையுமே கெடுக்கிறது.

இந்த நம்பிக்கைக்குச் சான்றாக எல்லோரும் காட்டுவது வேடந்தாங்கலை. அது வலுவான சான்றுதான். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்மக்கள் முறையிட, 1798இல் செங்கல்பட்டுச் சீமையின் ஆட்சியர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஏற்று ஆணை கொடுத்தார். நாரைகளும் நீர்க்காகங்களும் இடும் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் நெல்லுக்கு உரமாகிறது என்பதை அந்த ஊர் விவசாயிகள் அனுபவத்தில் கண்டிருந்தார்கள். அவர்கள் கண்டதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஏரி எப்படி இயங்குகிறது என்பதை நாம் பாதி மட்டுமே பார்க்கிறோம். நத்தைகுத்தி நாரை சுற்றுவட்டார வயல்களில் நத்தை பொறுக்குகிறது, கூழைக்கடா வேறு ஏரிகளில் மீன் பிடிக்கிறது. இரண்டும் வேடந்தாங்கலின் மரங்களில் வந்து அடைகின்றன. அதாவது, பல ஊர்களின் சத்து ஓர் ஏரியில் வந்து குவிகிறது. குவிந்தது அங்கேயே கிடப்பதில்லை. மதகு திறந்ததும் தண்ணீரோடு வயலுக்குப் போகிறது. கோடையில் ஏரி வற்றுகிறது, அடிமண் வெயிலில் காய்கிறது, வடகிழக்குப் பருவமழையில் புதுத் தண்ணீர் வருகிறது. எச்சம் அங்கே உரமாவதற்குக் காரணம் மதகும் அதற்குக் கீழே இருக்கும் பாசன நிலமும்தான். மதகு இல்லாத குட்டைக்கு வேடந்தாங்கலை உவமை சொல்வது பொருந்தாது.

மதகு இல்லாத இடத்தில் என்ன ஆகிறது? சாணத்திலும் எச்சத்திலும் உள்ள தழைச்சத்தில் ஒரு பகுதி வாயுவாகிக் காற்றோடு போய்விடும். மணிச்சத்துக்கு அந்த வழி கிடையாது. பாஸ்பரஸ் ஆவியாகாது. பாசி அதை உறிஞ்சி வளரும், பாசி செத்தால் சேற்றில் படியும், அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றிலிருந்து மறுபடி கரைந்து மேலே வரும். போன ஆண்டு விழுந்த சாணம் இந்த ஆண்டும் பாசியை வளர்ப்பது இப்படித்தான். பாஸ்பரஸ் ஒன்றுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை 1973இல் கனடாவின் ஒண்டாரியோவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு கண்முன்னே காட்டியது. 226 என்று எண்ணிடப்பட்ட ஏரியைத் திரையிட்டு இரண்டாகப் பிரித்து, இரு பக்கமும் தழைச்சத்தும் கார்பனும் சேர்த்தார்கள். பாஸ்பரஸை ஒரு பக்கம் மட்டும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகித் திரண்டது. அது குளிர்நாட்டு ஏரி. ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக் குட்டையில் பாசிக்கு ஓய்வுக்காலம் என்பதே கிடையாது.

பச்சைத் தண்ணீர் என்றால் மீனுக்கு உணவு என்று சொல்வார்கள். இளம்பச்சைக்கு அது உண்மை. அடர்பச்சையின் கதை வேறு. பகலில் ஆக்சிஜனைத் தரும் பாசி, இரவில் தானே அதை உட்கொள்கிறது. அடியில் அழுகும் சாணமும் உட்கொள்கிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் இயல்பாகக் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனே ஏறத்தாழ 7.5 மில்லிகிராம்தான். கெண்டை மீன்கள் நன்றாக வளர 5 மில்லிகிராமாவது வேண்டும். ஆகவே விடியற்காலையில்தான் ஆபத்து. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதும், இரண்டு மூன்று நாள் மேகம் மூடிய பிறகு ஒரே காலையில் எல்லாம் செத்து மிதப்பதும் இதனால்தான். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பக்கத்து நிலத்துக்காரரைச் சந்தேகிக்கும் முன், குட்டைக்குள் எத்தனை மாடு இறங்கியது என்று கேட்பது நல்லது. இன்னொரு வழியிலும் சேதம் வருகிறது. சாணமும் சிறுநீரும் அழுகி அம்மோனியா உண்டாகிறது. 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பி.எச். 7 ஆக இருந்தால், அதில் நூற்றில் ஒரு பங்கு கூட நச்சு வடிவில் இருக்காது. பாசி மண்டிய குட்டையில் பிற்பகல் வெயிலில் பி.எச். 9ஐத் தொடும்போது ஏறக்குறைய பாதி நச்சாகிவிடுகிறது.

மாட்டுக்கே திரும்பி வரும் கேடு இதைவிடக் கொடியது. சத்து மிகுந்த தேங்கிய நீரில் நீலப்பச்சைப் பாசி திரண்டு, பெயிண்ட் ஊற்றியதுபோல் மேலே ஏடு கட்டும். அதில் சில வகைகள் கல்லீரலைத் தாக்கும் நஞ்சைச் சுரக்கும். தென் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டிரினா ஏரியில் இப்படிப்பட்ட தண்ணீரைக் குடித்த ஆடுமாடுகள் செத்ததை ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் 1878இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். ஈரல் தட்டைப்புழுவின் கதையும் இதுதான். நோயுற்ற மாட்டின் சாணத்தில் வரும் முட்டை பொரிய நீர் வேண்டும். பொரிந்த குஞ்சு நத்தைக்குள் வளர்ந்து, வெளியேறி, கரையோரப் புல்லில் ஒட்டிக்கொண்டு, மேயும் மாட்டுக்குள் போகிறது. சாணம் நீரில் விழாமல் தடுத்தால் அந்தச் சுழற்சி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மீன் வளர்ப்புக்குச் சாணம் போடச் சொல்வதே மீன்வளத் துறையும் ஆராய்ச்சி நிலையங்களும்தானே? ஆம், சொல்கிறார்கள். எவ்வளவு போட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்கள். நாம் கேட்க மறந்தது அந்தப் பாதியைத்தான். கெண்டை வளர்ப்புக் குளத்தில் ஒரு ஹெக்டேருக்கு ஓர் ஆண்டில் 10 முதல் 15 டன் சாணம், அதையும் தவணை தவணையாக. வாத்தோடு மீன் வளர்த்தால் ஹெக்டேருக்கு 200 முதல் 300 வாத்து. இப்போது இதை நம் அளவுக்குக் கொண்டுவருவோம். 30 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலத்தில் வெட்டிய ஒரு பண்ணைக்குட்டை 900 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 22 சென்ட். அதற்கான சாணம் ஆண்டுக்கு 900 முதல் 1,350 கிலோ. ஒரு மாடு ஒரு நாளைக்குக் குறைந்தது 10 கிலோ சாணம் போடும் என்று வைத்துக்கொண்டால், ஒரே மாடு மூன்றிலிருந்து நாலரை மாதத்தில் இந்தக் கணக்கை முடித்துவிடுகிறது. மூன்று மாடுகளின் சாணத்தில் பாதி தண்ணீரில் விழுந்தால் ஆண்டுக்கு ஐந்தரை டன், தேவையைப்போல் நான்கிலிருந்து ஆறு மடங்கு. வாத்து என்றால் 18 முதல் 27 வரைதான் அந்தக் குட்டை தாங்கும். அறிவியல் சாணம் போடச் சொல்கிறது என்று அறிவியலைத் துணைக்கு அழைப்பவர்கள், இந்த எண்களையும் சேர்த்து ஏற்க வேண்டும்.

முன்னோர் செய்ததைத்தானே செய்கிறோம் என்ற பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது, ஏனென்றால் முன்னோர் செய்தது நேர்மாறானது. அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை, மாட்டுக்கிடை போட்டுக் காசு கொடுத்து எருவை நிலத்தில் வாங்கினார்கள். ஆரணி வாத்து மேய்ப்பவர்கள் இன்றும் நெல் அறுத்த தாளடியில் மந்தையை ஓட்டி, சிந்திய மணியையும் நத்தையையும் தின்னவைத்து, எச்சத்தை அந்த மண்ணிலேயே விட்டுச் செல்கிறார்கள். ஏரியில் படிந்த வண்டலைக் கோடையில் வண்டி வண்டியாக அள்ளி வயலில் கொட்டினார்கள். நீரில் சேர்ந்த சத்தைக் கூட நிலத்துக்கு மீட்டுக் கொண்டுபோனதுதான் நம் வேளாண்மை.

அப்படியானால் பறவைகளைத் துரத்தச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. குளத்திலேயே மேய்ந்து குளத்திலேயே எச்சமிடும் காட்டு வாத்து, இருக்கும் சத்தைத்தான் சுழற்றுகிறது. பெருங்கூட்டமாக வெளியே மேய்ந்துவிட்டு வந்து அடைந்தால் ஒழிய அது புதிதாகச் சேர்ப்பது சொற்பம். தவிடும் தீவனமும் போட்டு நாம் வளர்க்கும் வாத்து அப்படியல்ல. அது தின்னும் ஒவ்வொரு பிடியும் வெளியிலிருந்து குட்டைக்குள் வரும் சத்து. ஆவடிப் பகுதி ஏரிகளைக் கெடுப்பது முதன்மையாகச் சாக்கடைதானே, மாட்டையும் வாத்தையும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. பெரிய ஏரிகளைப் பொறுத்தவரை அதை மறுக்க மாட்டேன். ஏரிக்குள் கழிவுநீர் வருவதைத் தடுக்கும் பொறுப்பு அரசுக்கும் மாநகராட்சிக்கும் உரியது, அதை அவர்களிடம் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் சாக்கடைக் குழாய் எட்டாத பண்ணைக்குட்டையும் கோயில் குளமும் பச்சையாகிக் கிடக்கின்றனவே, அவற்றின் பொறுப்பு நம்முடையது. இயற்கை எரு கெடுதல் செய்யாது என்ற வாதத்துக்கும் இதே பதில்தான். மூட்டையிலிருந்து வந்த பாஸ்பரஸா, மாட்டிலிருந்து வந்ததா என்று பாசி பார்ப்பதில்லை.

செய்ய வேண்டியவை எளியவை, செலவும் குறைவு. குட்டையைச் சுற்றி முள்வேலி போடுங்கள். மாட்டுக்குத் தண்ணீரை இறைத்துக் கரைக்கு வெளியே தொட்டியில் விடுங்கள். சாணக்குழியை மழைத்தண்ணீர் குட்டைக்கு வரும் வழியில் வைக்காதீர்கள். ஐப்பசி மழைக்கு முன் அந்த வழியில் கிடக்கும் சாணத்தை அள்ளி வயலில் போடுங்கள். வாத்தின் எண்ணிக்கையைக் குட்டையின் பரப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். முழங்கை வரை கையைத் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். உள்ளங்கை தெரியாத அளவுக்குப் பச்சை ஏறியிருந்தால் அன்றிலிருந்து ஒரு கூடை சாணம் கூட உள்ளே போகக் கூடாது.