சாப்பா கிடைத்தால் சாப்பாடு

கொச்சித் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வேலைக்கு ஆள் எடுத்த விதம் இதுதான். விடிகாலையில் தொழிலாளர்கள் கூடுவார்கள். நம் ஊர்க் கங்காணிக்குச் சமமான மூப்பன் வந்து நிற்பார். அவர் கையில் உலோக வில்லைகள் இருக்கும். அவற்றைக் கூட்டத்தை நோக்கி வீசி எறிவார். முட்டி மோதி, கீழே கிடப்பவனை மிதித்து, ஒரு வில்லையைக் கைப்பற்றியவனுக்கு அன்று வேலை உண்டு. மற்றவர்கள் வீடு திரும்பலாம். வில்லைக்குப் பெயர் சாப்பா. முத்திரையைச் சாப்பா என்று சொல்வது பழைய தமிழ்ப் பேச்சிலும் உண்டு. மட்டாஞ்சேரியின் சுமைத் தொழிலாளிக்கு அது சாப்பாட்டின் முன்பாதி.

கூலி குறைவு என்பது மட்டும் அல்ல இதன் கொடுமை. சாப்பா ஒரு நாளைக்குத்தான் செல்லும். மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். நேற்று மூட்டை சுமந்ததற்கு இன்று எந்த மதிப்பும் இல்லை. காய்ச்சல் என்று ஒருவன் படுத்துவிட்டால் அன்றைய அடுப்பு எரியாது. தோள் வலித்தால் வலியை மறைத்துக்கொண்டு வர வேண்டும். முடியாதவன் என்று தெரிந்தால் மூப்பனின் கண் அவன் பக்கம் திரும்பாது. உடம்பைப் பார்த்துக்கொள் என்று இவர்களிடம் யாராவது சொல்லியிருந்தால் அது கேலியாகத்தான் பட்டிருக்கும். இதையெல்லாம்விடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுக்காரனைத் தள்ளிவிட்டு வில்லையைப் பிடித்தவன், மாலையில் அதே சந்தில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

1953இல் இந்த முறையை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அது எழுபது நாட்களுக்கு மேல் நீண்டது. செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் போலீஸ் சுட்டது. சைது, சைதலவி என்ற இரு தொழிலாளர்கள் இறந்தார்கள். போலீஸ் பிடியில் அடிபட்ட ஆன்டனி பின்னர் இறந்தார். அப்போது திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தின் முதல்வர் ஏ.ஜே. ஜான். துறைமுகத் தொழிலாளர் வேலையை ஒழுங்குபடுத்தும் மத்தியச் சட்டம் 1948லேயே வந்துவிட்டது என்பதை இங்கே நினைவில் வைப்பது நல்லது. ஐந்தாண்டுகள் கழித்தும் அது கொச்சிக் கரையில் இறங்கியிருக்கவில்லை. சாப்பா ஒழிய 1962 ஆயிற்று.

கொச்சிக்கு மட்டும் உரிய அவலமும் அல்ல இது. நியூயார்க் துறைமுகத்திலும் காலையில் ஆட்களை வளைத்து நிறுத்தி விரல் நீட்டித்தான் பொறுக்கினார்கள். அங்கே அதற்கு முடிவு கட்ட ஓர் ஆணையம் ஏற்பட்டதும் அதே 1953இல்தான். மறு ஆண்டு வந்த எலியா கசானின் 'ஆன் தி வாட்டர்ஃபிரன்ட்' படத்தில் மேஸ்திரி வில்லைகளை வீச, மார்லன் பிராண்டோ நடிக்கும் கூட்டம் அவற்றுக்காகப் புரளும். மட்டாஞ்சேரிக் கதை திரைக்கு வரத்தான் தாமதம். கே.எம். சிதம்பரன் எழுதிய நாடகத்தை அவர் மகன் கோபன் சிதம்பரன் திரைக்கதையாக்க, ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' 2023இல்தான் வெளியானது. படத்தில் நெருடும் இடம் துப்பாக்கிச் சூடு அல்ல. சாப்பா கொடுக்கும் உரிமை சங்கத்தின் கைக்கு வந்த பிறகும் கூட்டம் கூட்டமாகவே இருக்கிறது; இப்போது யாரைக் கும்பிடுவது என்பதுதான் மாறியிருக்கிறது.

இந்த நெருடலைக் கேரளம் பிறகும் சுமந்தது. 1978இல் சுமைத் தொழிலாளர் சட்டம் வந்து பதிவும் பாதுகாப்பும் கிடைத்தன. கூடவே, சுமக்காத சுமைக்குக் கூலி கேட்கும் 'நோக்குக் கூலி'யும் வளர்ந்தது. பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி. 2018 மே தினத்திலிருந்து அரசு அதைத் தடை செய்தது. எரிச்சலூட்டும் வழக்கம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதைக் கேட்டுக் கொதிப்பவர்களில் எத்தனை பேருக்குச் சாப்பாவைத் தெரியும்? வேலை இல்லாத நாளும் வயிறு உள்ள நாள்தான் என்பதை ஒப்புக்கொண்டு, வந்து காத்திருந்ததற்கே ஒரு படி தர வேண்டும் என்று துறைமுகத் தொழிலாளர் திட்டங்களில் எழுத வைத்தது அந்தப் பழைய ரணம்தான்.

2011இல் வல்லார்பாடத்தில் கண்டெய்னர் முனையம் திறந்தபின் மூட்டைகளின் காலம் ஏறக்குறைய முடிந்தது. மட்டாஞ்சேரி பஜார் ரோட்டின் பழைய கிடங்குகள் சிலவற்றில் இன்று காப்பிக் கடைகளும் ஓவியக் கூடங்களும் இருக்கின்றன. வாசலில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுசெல்லும் இளைஞர்கள் பைக்கில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அழைப்பு ஒலித்ததும் உடனே திரையைத் தொட வேண்டும். தவறினால் வேலை வேறொருவனுக்கு. மூப்பன் எங்கே இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியாது. கும்பிடுவதற்குக்கூட ஆள் இல்லை. இவர்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய முதல் மாநிலம் ராஜஸ்தான், 2023இல். 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மத்தியச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பும் இவர்களைப் பெயர் சொல்லி ஏற்றுக்கொண்டிருக்கிறது. விபத்து, மருத்துவம், முதுமை என்று திட்டங்களுக்கு அதில் இடம் இருக்கிறது. காத்திருக்கும் நேரத்துக்கான படியைப் பற்றி மட்டும் பேச்சில்லை.