கானாவில் குடிநீர்: பயணியின் போத்தலும் மக்களின் ஆறும்

மேற்கு ஆபிரிக்க நாடான கானாவுக்குச் செல்பவர்களுக்கு வழங்கப்படும் ஆலோசனைகளில், மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழுக்கும் மலேரியா மாத்திரைக்கும் அடுத்தபடியாகத் தவறாமல் இடம்பெறுவது ‘குழாய்நீரை அருந்தாதீர்கள்’ என்ற எச்சரிக்கையாகும். எச்சரிக்கை சரியானதே. ஆனால், அது பிரச்சினையின் பாதியை மாத்திரமே கூறுகின்றது என்பது எனது அபிப்பிராயம்.

முதலில் அந்தப் பாதியைப் பார்ப்போம். கொலரா, நெருப்புக் காய்ச்சல், செங்கமாரி, வயிற்றோட்டம் ஆகியவை அசுத்தமான நீரினால் பரவும் நோய்கள். 2014 ஆம் ஆண்டில் கானாவில் பரவிய கொலராவினால் 28 ஆயிரத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டனர்; இருநூறுக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். தலைநகர் அக்ராவே அப்போது மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. 2024 இலும் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது.

பயணி செய்யவேண்டியவை எளியவை. முத்திரை உடைக்கப்படாத போத்தல் நீரை வாங்கவேண்டும். போத்தல் கிடைக்காத இடத்தில் நீரைக் கொதிக்க வைக்கவேண்டும். நன்கு கொதிக்கத் தொடங்கிய பின்னர் ஒரு நிமிடம் போதுமானது. 2,000 மீற்றருக்கு மேற்பட்ட உயரங்களிலேயே மூன்று நிமிடங்கள் தேவை. கானாவின் அதியுயர் மலை 900 மீற்றரைக் கூட எட்டுவதில்லை. குளோரீன் மாத்திரைகள் பற்றீரியாக்களை அழிக்கும் என்றாலும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி அவற்றுக்கு மசிவதில்லை. போத்தல் நீரைக் கவனமாகத் தெரிவு செய்துவிட்டு, குளிர்பானத்தில் மிதக்கும் ஐஸ் கட்டியையும், பல் துலக்கும் நீரையும், பச்சைக் காய்கறியைக் கழுவிய நீரையும் மறந்துவிடுபவர்கள் பலர். வயிற்றோட்டம் ஏற்பட்டால் நம்மவர் ஜீவனி என்றழைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலே முதலுதவி. 1965 இல் கட்டிமுடிக்கப்பட்ட அகொசோம்போ அணையினால் உருவான பரந்த வோல்டா ஏரியில் குளிப்பதும் ஆபத்தானது. அங்குள்ள நத்தைகளின் மூலம் பரவும் பில்ஹார்சியாக் கிருமி, நீரை அருந்தாதவரின் தோலையும் துளைத்து உட்செல்லக்கூடியது.

சரி, அந்நாட்டு மக்கள் எதனை அருந்துகின்றனர்? அக்ராவின் வீதிச் சந்திகளில் வாகனங்கள் தரிக்கும்போதெல்லாம், தலையில் பாத்திரம் சுமந்த பெண்களும் சிறுவர்களும் ‘பியூர் வாட்டர்’ என்று கூவியபடி ஓடிவருவர். 500 மில்லிலீற்றர் நீர் நிரப்பி ஒட்டப்பட்ட பொலித்தீன் பைகளையே அவர்கள் விற்கின்றனர். மூலையைப் பல்லால் கடித்து உறிஞ்சிக் குடிப்பது வழக்கம். 2021 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, நாட்டின் மூன்றிலொரு பங்கிற்கும் அதிகமான குடும்பங்களுக்கு இந்தப் பைநீரே பிரதான குடிநீராகும். பதிவு பெற்ற உற்பத்தியாளர்கள் கண்காணிக்கப்படுகின்றனர் என்பது உண்மையே. ஆயினும், சில பைகளில் கிருமிகள் இருந்தமையை ஆய்வுகள் காட்டியுள்ளன. உள்ளிருக்கும் நீர் தூயதாக இருந்தாலும், பல கைகள் மாறிவந்த பையின் வெளிப்புறம் தூயதன்று. வீசப்படும் பைகள் வடிகான்களை அடைக்கின்றன. மழை வந்தால் கழிவுநீர் வீதிக்கு வருகின்றது. அதனோடு நோயும் வருகின்றது. நோய்க்கு அஞ்சி வாங்கிய பையே நோய்க்கு வழி திறந்துவிடுகின்றது.

இனி, மற்றைய பாதிக்கு வருவோம்.

கானா செல்லும் உல்லாசப் பயணிகள் தவறாது காணச்செல்வது கேப் கோஸ்ட், எல்மினா ஆகிய கரையோர நகரங்களிலுள்ள கோட்டைகளையே. அடிமைகளாக விற்கப்பட்ட ஆபிரிக்கர்கள் கப்பலேற்றப்படுவதற்கு முன்னர் அடைத்து வைக்கப்பட்டிருந்த நிலவறைகள் அங்கே உள்ளன. இந்நகரங்களின் குழாய்நீர் பிரா என்ற ஆற்றிலிருந்து பெறப்படுகின்றது. அந்த ஆற்றின் மேற்புறத்திலோ சட்டவிரோதத் தங்க அகழ்வு நடைபெறுகின்றது. ‘கலம்சே’ என்பது அதற்கு மக்கள் வழங்கும் பெயர். ‘சேர்த்து விற்பது’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்றொடர் மருவிப் பிறந்த சொல் இது. ஒருகாலத்தில் மண்வெட்டியும் சட்டியும் கொண்டு ஏழைகள் செய்த தொழில், இன்று கனரக இயந்திரங்களால் ஆற்றுப்படுக்கையையே புரட்டிப் போடுகின்றது. தங்கத்துகளைச் சேர்த்துப் பிடிக்கப் பாதரசமும் பயன்படுத்தப்படுகின்றது.

2024 ஓகஸ்ட்டில் கானா நீர் நிறுவனம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. பிரா ஆற்றங்கரையிலுள்ள செக்கியரே ஹெமாங் சுத்திகரிப்பு நிலையம், 2,000 அலகு வரையான கலங்கலைத் தெளிவிக்கவே அமைக்கப்பட்டது. வந்து சேரும் நீரின் கலங்கலோ சராசரியாக 14,000 அலகு என்று அது தெரிவித்தது. கேப் கோஸ்ட்டிலும் எல்மினாவிலும் நீர் விநியோகம் தடைப்பட்டது. இங்கேதான் பயண ஆலோசனைகள் மௌனமாகின்றன. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், பாதரசம் அகலாது. நாள் முழுவதும் திறந்து வைத்தாலும் நீர் வராத குழாய்க்கு எந்த மாத்திரையும் கிடையாது.

ஆட்சியாளர்கள் அறியாத விடயமல்ல இது. 2017 இல் ஜனாதிபதி நானா அக்குஃபோ-அடோ, இப்போராட்டத்திற்காகத் தமது பதவியையே பணயம் வைப்பதாகக் கூறி, சிறு அளவிலான தங்க அகழ்வைத் தடைசெய்தார். 2018 டிசெம்பரில் தடை நீக்கப்பட்டது. 2024 இல் அவரது பதவிக்காலம் முடிவடையும் தறுவாயில், ஆறுகளைக் காப்பாற்றுங்கள் என்று கோரி மக்கள் அக்ரா வீதிகளில் இறங்கவேண்டியிருந்தது.

இது தீர்க்கமுடியாத பிரச்சினை என்று கைவிரிப்பவர்களுக்கு அதே நாட்டிலிருந்து ஒரு பதிலுண்டு. தமிழில் நரம்புச் சிலந்தி எனப்படும் கினிப்புழு நோய், 1989 இல் கானாவில் ஏறத்தாழ ஒரு இலட்சத்து 80 ஆயிரம் பேரைப் பீடித்திருந்தது. குளத்து நீருடன் உட்செல்லும் நுண்புழு, ஓராண்டின் பின்னர் ஒரு மீற்றர் நீளம் வரை வளர்ந்து தோலைத் துளைத்து வெளிவரும். மருந்துமில்லை, தடுப்பூசியுமில்லை. முன்னாள் அமெரிக்க ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டரின் அமைப்பு துணைநிற்க, கிராமந்தோறும் தொண்டர்கள் சென்று குடிநீரைத் துணியால் வடிகட்டும்படி மக்களுக்குக் கற்பித்தனர். நோயாளர்கள் குளத்தில் இறங்காதவாறு பார்த்துக்கொண்டனர். 2010 இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 2015 இல் கானா இந்நோயற்ற நாடு என்று உலக சுகாதார ஸ்தாபனம் சான்றளித்தது. ஒரு துண்டுத் துணியும் இருபதாண்டு கால விடாமுயற்சியும் அதைச் சாதித்தன.

வேறுபாடு ஒன்றுதான். புழுவினால் இலாபமடைந்தவர் எவருமில்லை. தங்கத்தினால் இலாபமடைபவர்கள் இருக்கின்றனர். இன்று ஆபிரிக்காவில் மிக அதிகமாகத் தங்கம் உற்பத்தி செய்யும் நாடு கானா. சந்தைக்கு வரும் தங்கம் எந்த ஆற்றைக் கலக்கி எடுக்கப்பட்டது என்பது அதன்மீது பொறிக்கப்பட்டிருப்பதில்லை. தங்கமின்றித் திருமணமில்லை என்று வாழும் நாமும் இதனைச் சற்றுச் சிந்திக்கவேண்டும்.

ஆகவே, கானா செல்பவர்கள் போத்தல் நீரையே அருந்துங்கள், அதில் தவறில்லை. ஆனால், அது பத்து நாட்களுக்கான பாதுகாப்பு மாத்திரமே. விமானம் ஏறிய பின்னர் அந்த நாட்டின் நீரைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கேப் கோஸ்ட்டில் வற்றிய குழாயின் முன் வாளியுடன் நிற்கும் தாய்க்கு அந்த விமானம் இல்லை.