தறியின் ஏடு

தமிழில் ‘நூல்’ என்னும் சொல் ஆடைக்குரிய இழையையும் கற்றற்குரிய ஏட்டையும் ஒருங்கே குறிக்கும். பஞ்சினின்று இழை நூற்றலையும் சொல்லினின்று நூல் இயற்றலையும் ஒப்பிட்டு நன்னூலார் கூறியதை இலக்கணம் கற்றோர் அறிவர். இவ்வொப்புமை பெயரளவில் நிற்பதன்று. தறிக்கும் ஓர் ஏடு உண்டு. அதனைப் படித்தே தறி நெய்கின்றது.

கோலமற்ற துணியை நெய்தல் எளிது. பாவிழைகளுள் ஒரு பாதி எழ, மறுபாதி தாழ, இடையே நாடா ஊடையிழையைக் கொண்டு செல்லும். பட்டுச் சேலையின் கரையிலோ முந்தியிலோ மாங்காயும் மயிலும் தோன்ற வேண்டுமாயின், எழவேண்டிய இழைகள் ஊடைக்கு ஊடை வேறுபடும். ஆயிரக்கணக்கான இழைகளுள் இன்னின்னவை எழவேண்டும் என்பதனை எந்த மனிதர் நினைவிற் கொள்ள இயலும்?

இவ்விடர் நீங்கக் காஞ்சிபுரத்து நெசவாளர் ‘அடை’ என்னும் முறையைக் கையாண்டனர். கோலத்தை நூற்கயிறுகளில் முடிந்து வைத்து, அவற்றை வரிசைப்படி இழுத்து உரிய பாவிழைகளை உயர்த்துவர். இவ்வாறு கயிறிழுக்கும் முறை பிறநாடுகளிலும் இருந்தது. பிரான்சு நாட்டு லியோன் நகரில் பட்டுத்தறியருகே அமர்ந்து நாள் முழுதும் கயிறிழுத்தோர் பலர் சிறுவரே. அந்நகரில் பிறந்த ஜோசப் மேரி ஜக்கார்டு, முன்னோர் சிலர் முயன்ற வழியைச் செம்மைப்படுத்தி, 1804ஆம் ஆண்டளவில் ஒரு கருவியை அமைத்தார். அதில் ஓர் ஊடையிழைக்குத் துளையிட்ட அட்டை ஒன்று. துளையுள்ள இடத்திற்குரிய கொக்கி பாவிழையை உயர்த்தும். துளையற்ற இடத்தில் இழை எழாது. அட்டைகளைக் கோத்து வரிசையாகச் சுழலவிட்டால் கோலம் பிழையின்றி வளரும். 1839இல் ஜக்கார்டின் உருவத்தையே பட்டில் நெய்தபொழுது ஏறத்தாழ 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. கணிக்கும் பொறியைத் திட்டமிட்ட ஆங்கில அறிஞர் பாபேஜ் இவ்வட்டைகளையே தம் பொறிக்கும் கொண்டார். இன்று கணிப்பொறியே தறிக்குத் திரும்பி வந்து, அட்டையின்றிக் கொக்கிகளை இயக்குகின்றது.

கருவி புகுந்தபின் கைவினை ஏது என வினவுவோர் உளர். லியோன் நெசவாளரும் தம் பிழைப்புக் கெடும் என அஞ்சி இக்கருவியை முதலில் எதிர்த்தனர். அவ்வச்சம் பொருளற்றதன்று. எனினும், பாடல்களை ஓலையில் எழுதி வைத்தமையால் புலவரின் புலமை குன்றவில்லை. நினைவின் சுமை குறைந்தது; பொருளை ஆராயும் பொழுது மிகுந்தது. கயிறிழுத்த சிறுவரின் கை ஓய்ந்ததும் நன்மையே. அக்கை எழுதுகோல் பிடிக்க வேண்டிய கை.

மேலும், கருவி அறியாதன பல உள. ஊடையை அடிக்கும் கை ஒருநிலைப்பட்டிராவிடின் மாங்காய் நசுங்கும்; அல்லது நீண்டுவிடும். பாவிழை ஒன்று அறுந்தால் அட்டை அதனைக் காணாது. நெய்பவரின் கண்ணே காணும். கரையும் உடலும் இரு நிறமாய்க் கோர்வையில் இணையுமிடத்தில் விரலின் நுண்மையே வேண்டும்.

ஆயினும் ஒரு குறையை எண்ணி யான் வருந்துகின்றேன். கட்டமிட்ட தாளில் கோலம் வரைபவர் ஒருவர், அட்டையில் துளையிடுபவர் மற்றொருவர், மிதியை மிதித்து நெய்பவர் வேறொருவர் எனத் தொழில் பிரிந்துள்ளது. பிறர் எழுதிய ஏட்டை வாயால் ஒப்பித்துப் பொருள் அறியாதிருக்கும் மாணவனுக்கும், பிறர் வரைந்த கோலத்தை நெய்து அதன் வழி அறியாதிருக்கும் நெசவாளருக்கும் வேற்றுமை யாது? கோலம் வரையத் தெரிந்தவரே விலையும் பேசுவார். தெரியாதவர் கூலியளவில் நிற்பார். ஆதலின் நெய்வோர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கோலம் வரையவும், அதனைக் கட்டங்களாகப் பகுக்கவும், அட்டையாக மாற்றவும், விரும்பினால் கணிப்பொறியில் அமைக்கவும் கற்பித்தல் வேண்டும். இதனை நெசவுப் பயிற்சியின் தலையாய பாடமாகக் கொள்ளுதல் தகும்.

மாணவர்களே! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர். தறியின் ஏடோ, உணர்ந்து படிப்பவர் கையில் ஆடையாகி உதவும். நினைவைக் கருவி சுமக்கட்டும். கருவிக்கு நினைவூட்டும் அறிவு நெய்பவரிடத்தே நிலைபெறுக.