நழுவும் சுருதியும் நாற்பது வயது மாணவனும்



ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் வாங்கி இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வருபவன் நான். கடந்த பள்ளி விடுமுறையில் நானே மாணவனாக உட்கார்ந்தேன். படித்த பாடம் கித்தார், அதுவும் மடியில் படுக்க வைத்து வாசிக்கும் கித்தார்.

பழைய இந்திப் படப் பாடல்களில் மனிதர் விசும்புவதைப் போல ஒரு நாதம் இழைந்து வருமே, கேட்டிருப்பீர்கள். அதுதான் ஹவாய் கித்தார். அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களில் கேட்கும் 'பெடல் ஸ்டீல்' கித்தார் அதன் வழியில் வந்த பிள்ளை. இந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் பத்துத் தந்திகள். இடக்கை எஃகு உருளையைத் தந்திகள்மேல் நகர்த்தும், வலக்கை மீட்டும். இடது கால் மிதிகளை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிகள் குறிப்பிட்ட தந்திகளை இழுத்துச் சுருதியை மாற்றும். முழங்கால்களுக்கும் நெம்புகோல் உண்டு. வலது காலோ ஒலியைக் கூட்டிக் குறைக்கும். தறியில் உட்கார்ந்த நெசவாளியைப் போல உடம்பு முழுவதற்கும் வேலைதான்! 1954-இல் வெளிவந்த, வெப் பியர்ஸ் பாடிய ஒரு பாட்டுக்கு பட் ஐசக்ஸ் என்பவர் இதை வாசித்தார். அதன் பிறகே அமெரிக்காவில் இந்தக் கருவி பரவலாகப் பேர் பெற்றது.

அதன் விலை நமக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே, தாயிடமிருந்து தொடங்கினேன். வீட்டில் கிடந்த பழைய கித்தாரின் கழுத்து முனையில் ஓர் உலோகப் பட்டியைச் செருகித் தந்திகளை உயர்த்தினேன். ஒன்று, ஐந்து, ஆறாம் தந்திகளை ஒவ்வொரு முழுச் சுரம் தளர்த்தினேன். ஆறையும் ஒரே வீச்சில் மீட்டினால் இனிய சுரக்கூட்டு ஒன்று தானாகவே எழும். செலவு அவ்வளவுதான். எஃகு உருளை மட்டும் கடையில் வாங்கியது.

இந்த வாத்தியம் பிறந்த கதையைக் கெமாஸ்காரர்கள் அவசியம் கேட்க வேண்டும். கிழக்குக் கரைக்குப் போகும் இரயில் பாதை பிரியும் ஊர் அல்லவா நம்முடையது! ஹவாய்த் தீவுகளில் 1874-இல் பிறந்தவர் ஜோசப் கெகுகு. 1889 வாக்கில், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, கித்தாரை மீட்டிக்கொண்டே இரயில் தண்டவாளத்தின் ஓரமாக நடந்தாராம். வழியில் கிடந்த இரும்பு ஆணி ஒன்றை எடுத்துத் தந்திமேல் இழுத்துப் பார்த்தாராம். அந்த நாதம் அவரை விடவில்லை. இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. ஆனால், பல ஆண்டுகள் பாடுபட்டு அந்த வாசிப்பு முறையை வளர்த்தவர் என்ற பெருமை அவருக்கே உரியது.

அது இந்தியாவுக்கும் வந்தது. 1940-களில் டாவு மோ என்ற ஹவாய்க் கலைஞர் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கி வாசித்தார். பின்னர் பிரிஜ் பூஷண் காப்ரா இந்தக் கருவியில் இராகங்களை வாசித்துக் காட்டினார். விஸ்வ மோகன் பட் அதை மாற்றி அமைத்து 'மோகன வீணை' என்று பெயரிட்டு, 1994-இல் கிராமி விருதும் பெற்றார். நம் தமிழ் மண்ணிலேயே மெட்டில்லாத கோட்டு வாத்தியம் உண்டு. அதன் 21 தந்திகளின்மேல் கருங்காலி உருளையை நகர்த்தி வாசிப்பார்கள். நமக்கு இது அந்நியமான வித்தை அல்ல.

சரி, என் கதைக்கு வருகிறேன். கித்தார் கழுத்தில் குறுக்கே பதித்த பட்டிகளுக்கு மெட்டு என்று பெயர். சாதாரண கித்தாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னால் விரலை அழுத்தினால் போதும், சுரம் சரியாக விழும். இதில் அப்படியில்லை. உருளை மெட்டுக்கு நேர் மேலே நிற்க வேண்டும். அழுத்தவும் கூடாது, அதன் கனமே போதும். நெல்லளவு விலகினாலும் சுருதி நழுவிவிடும். மெட்டு இங்கே வெறும் அடையாளம். சரியான இடத்தைச் சொல்வது காதுதான்.

கைப்பேசியில் காணொளி பார்த்துத் தினமும் கால் மணி நேரம் பழகினேன். இரண்டு வாரமாகியும் ஒரு பல்லவி சரியாக வரவில்லை. உருளையை நடுக்கி, பிழையை மறைக்கப் பார்த்தேன். மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. ரப்பர் காலத்தில் பால்வெட்டுக்குப் போனவர் அவர்.

"வாத்தியாரே, கொஞ்சம் கீழே நிக்குது. மேலே தள்ளுங்க," என்றார். தள்ளினேன். "இன்னும் ஒரு மயிரிழை… ஆங், அங்கேதான்!"

"உங்களுக்குச் சங்கீதம் தெரியுமா ஐயா?" என்று கேட்டேன்.

"சங்கீதம் எங்கே தெரியும்? கத்தி தெரியும். ஆழமா வெட்டினா மரத்துக்குக் காயம், மேலாக வெட்டினா பால் வராது. எங்கம்மா பின்னால நின்னு என் மணிக்கட்டைப் பிடிச்சுக் காட்டினாங்க. ஒரு நாளும் ஏசினதில்லே. ஏசினா கை நடுங்கும், கை நடுங்கினா மரத்துக்குத்தானே காயம்?"

அந்தச் சொல் என்னை உலுக்கிவிட்டது. என் வகுப்பில் ஒரு பையன். தகப்பன் செம்பனைக் காட்டில் குலை வெட்டுகிறவர். அவன் ஒரு நாள் 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று வாசித்தான். "சுவரில் ஒட்டிக்கொண்டா படிக்கப் போகிறாய்?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவன் வாய்விட்டு வாசிக்கவே இல்லை. நான் கேட்டால் முணுமுணுப்பான். உருளையை நடுக்கி நான் மறைத்த பிழையும் அவன் முணுமுணுத்து மறைத்த பிழையும் ஒன்றுதானே! லகரத்துக்கும் ளகரத்துக்கும் நாக்கின் தூரம் எவ்வளவு? அதுவும் நெல்லளவுதான்.

பள்ளி திறந்த முதல் நாள், பையனைத் தனியே அழைத்தேன். "அன்றைக்கு நான் சிரித்தது தப்பு, தம்பி," என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். பிறகு நாக்கை எங்கே மடக்குவது என்று மெதுவாகக் காட்டினேன். "இன்னும் கொஞ்சம் உள்ளே… ஆங், அங்கேதான்!"

இன்றும் அவன் தடுமாறுகிறான். இன்றும் என் கித்தார் நழுவுகிறது. ஆனால், சென்ற வாரம் "யார் வாசிக்கிறீர்கள்?" என்று கேட்டபோது, பின் வரிசையிலிருந்து ஒரு கை பாதியளவு உயர்ந்தது. அந்தப் பாதிக் கைக்கு ஈடாக எந்தப் பரிசையும் நான் கேட்கமாட்டேன்.

பெற்றோர்களே, வீட்டில் பிள்ளை தப்பாக வாசித்தால் ஏசுவதற்கு முன் நீங்களும் புதிதாக ஒன்றைக் கற்றுப் பாருங்கள். கித்தார்தான் வேண்டும் என்பதில்லை. தையலாகட்டும், கணினியாகட்டும், எதுவானாலும் சரி. முதல் இரண்டு வாரம் உங்கள் கை எப்படி நடுங்குகிறது என்று பாருங்கள். அதன் பிறகு பிள்ளையின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.